ஆடிக் காற்றில் பறக்க விடலாமா?

வாசகர் கேள்வி பதில்: ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானங்கள்

சென்ற மாதம் இப்பகுதியில் மாதிரி விமானம் பறக்கவிடுவது பற்றி ஒரு சிறு பதில் வெளியானது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு, போர் விமானம் போன்ற தோற்றம் கொண்ட ஃபோம் விமானம் ஒன்றை வாங்கினேன். இறக்கையின் அகலம் 70 செ.மீ., எடை 550 கிராம். எறிந்த மூன்றாவது நொடியில் தரையில் குத்துகிறது. நான்கு முறை ஒட்டிவிட்டேன். எனக்கு வயது 42. இது எனக்கு வராதோ என்று தோன்றுகிறது.
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உங்களிடத்திலும் நீங்கள் எறிந்த விதத்திலும் பெரிய குறை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை, முதல் விமானமாக அதைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேராவது இதையே செய்கிறார்கள். கடை விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் விமானம் எதுவோ, பழகுவதற்கு மிகக் கடினமான விமானமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

காரணம் எளிய கணக்கு. உங்கள் விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 800 சதுர செ.மீ. இருக்கலாம். அப்படியானால் 100 சதுர செ.மீ. இறக்கை கிட்டத்தட்ட 69 கிராம் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகுவதற்கென்றே செய்யப்படும் ‘டிரெய்னர்’ வகை விமானத்தில் இறக்கை 1.4 மீட்டர் அகலமும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 18 செ.மீ. ஆழமும் கொண்டிருந்தால் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர செ.மீ. ஆகும். மொத்த எடை 900 கிராம் என்றாலும் 100 சதுர செ.மீ.க்கு 36 கிராம்தான் வருகிறது. விமானம் கீழே விழாமல் பறப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். ஆகவே டிரெய்னரைப் போல 1.4 மடங்கு வேகத்தை எட்டினால்தான் உங்கள் விமானம் காற்றில் நிற்கவே தொடங்கும். கையால் எறியும்போது அந்த வேகம் கிடைப்பதில்லை. மோட்டார் அதை ஈட்டித் தருவதற்குள் தரை வந்துவிடுகிறது. ஒருவேளை பறந்துவிட்டாலும், யோசித்து விரலை அசைப்பதற்குள் அது ஐம்பது மீட்டர் கடந்து போயிருக்கும்.

முதல் விமானம் அழகாக இருக்க வேண்டியதில்லை. இறக்கை உடலுக்கு மேலே அமைந்திருக்க வேண்டும். அந்த இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கி, படுத்த ‘V’ வடிவில் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும், நீங்கள் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை விட்டுவிட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும் குணம் இந்த அமைப்பிலிருந்துதான் வருகிறது. மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் மூக்கு குத்தி விழும்போது ப்ரொப்பெல்லரும் மோட்டாரும் தப்பும். எளிதில் உடையாத இ.பி.பி. அல்லது இ.பி.ஓ. வகை ஃபோமில் செய்யப்பட்டிருந்தால் பத்து விழுதலுக்குத் தாங்கும். பால்சா மரத்தில் கட்டிய விமானம் பறப்பதில் இனிமையானதுதான். ஆனால் ஒரு மாதம் உட்கார்ந்து கட்டியதை ஒரு நொடியில் சுள்ளியாகப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பும் மனவலிமை முதல் ஆண்டிலேயே எவருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போதைய போர் விமானத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அலமாரியின் மேல் வையுங்கள். டிரெய்னரை நாற்பது ஐம்பது முறை இறக்கிய பிறகு அதை எடுக்கலாம். நாற்பத்திரண்டு ஒரு வயதே இல்லை. அறுபதில் தொடங்கியவர்களை மைதானத்தில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைவிட அவர்கள் மெதுவாகக் கற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் குறைவாகவே உடைக்கிறார்கள்.

கேள்வி: கடையில் வாங்காமல் நானே செய்து பறக்கவிட விரும்புகிறேன். என்னென்ன தேவை, எவ்வளவு செலவாகும்?
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: உடலும் இறக்கையும் செலவே இல்லை என்று சொல்லலாம். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு, கோரோபிளாஸ்ட் தகடு, அல்லது 5 மி.மீ. ஃபோம் ஷீட் போதும். கோரோபிளாஸ்ட் கனமானது, ஆனால் எத்தனை முறை விழுந்தாலும் உடையாது. ஒட்டுவதற்கு ஹாட் குளூ பயன்படுத்துங்கள். தெர்மாகோல் மீது ஃபெவிக்விக் மட்டும் படக்கூடாது. பட்ட இடம் கரைந்து குழியாகிவிடும்.

செலவு முழுவதும் மின்னணுப் பாகங்களில்தான் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட விமானத்துக்கு 2212 அளவுள்ள பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, 3 செல் கொண்ட 2200 எம்.ஏ.ஹெச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, எல்லா செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், விமானத்துக்குள் வைக்கும் ரிசீவர் ஆகியவை வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை போகும். அதில் கிட்டத்தட்ட பாதி டிரான்ஸ்மிட்டருக்கு. அங்கே மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். விமானம் மாறிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்மிட்டர் ஐந்தாறு ஆண்டுகள் உங்கள் கையிலேயே இருக்கும். ஆறு சேனல் (தனித்தனியாக இயக்கக்கூடிய ஆறு கட்டுப்பாடுகள்) உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியாகவும், இடது குச்சியில் த்ராட்டில் (மோட்டார் வேகக் கட்டுப்பாடு) வரும் ‘மோட் 2’ அமைப்பாகவும் பார்த்து வாங்குங்கள். இங்கே கற்றுக்கொடுக்கக்கூடிய பெரும்பாலோர் அந்த அமைப்பில்தான் பறக்கவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் அலைவரிசைக்கான கிரிஸ்டல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒருவர் தெரியாமல் அதே அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் இன்னொருவரின் விமானம் விழும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

செய்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது எடையின் நடுப்புள்ளி. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் ஆழத்தில் 25 முதல் 33 விழுக்காடு தூரத்தில் இரு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். 18 செ.மீ. ஆழமுள்ள இறக்கை என்றால் 4.5 முதல் 6 செ.மீ. வரை. அந்தப் புள்ளிகளில் இரு ஆள்காட்டி விரல்களை அடியில் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தொங்கினால் எறியவே எறியாதீர்கள். பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். இடமில்லாவிட்டால் மூக்கில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். மூக்கு கனத்த விமானம் எருமை மாதிரி சோம்பலாகப் போகும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். வால் கனத்தது மேலே எழும்பி, நின்று, புரண்டு விழும். நடுவில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இராது.

கேள்வி: என் மகனும் நானும் சேர்ந்து பழகுகிறோம். விமானம் எங்களை விட்டு விலகிப் போகும்போது நன்றாக ஓட்டுகிறோம். திரும்பி எங்களை நோக்கி வரத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. மூன்று முறையும் அப்படித்தான் விழுந்தது.
— மளிகைக் கடை உரிமையாளர், மதுரை

பதில்: தலைகீழாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியதே சரியான விளக்கம். விமானம் உங்களை நோக்கி வரும்போது அதன் வலது பக்கம் உங்களுக்கு இடது பக்கம். நீங்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தால் குழப்பமே வராது. தரையில் நிற்பதால் வருகிறது. இதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, உங்கள் பார்வையில் அது எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். சரியும் பந்தல்காலுக்கு முட்டுக் கொடுப்பதைப் போல நினைத்துக்கொள்ளலாம். இடப்புறம் தாழ்ந்திருந்தால் குச்சி இடப்புறம், விமானம் நிமிர்ந்துவிடும். இடது வலது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டால் நேரம் போதாது.

ஆனால் இது விரலுக்குள் இறங்க வேண்டிய பழக்கம், படித்துவிட்டால் வந்துவிடாது. டிரான்ஸ்மிட்டரை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கணினியில் இணைத்து, திரையில் விமானம் ஓட்டிப் பழக உதவும் சிமுலேட்டர் மென்பொருளில் பழகுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பிகாசிம் போன்றவையே தொடக்கத்துக்குப் போதும். தினமும் இருபது நிமிடம் என்று ஒரு மாதம், அதிலும் விமானத்தை உங்களை நோக்கி வரவழைப்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாகசம் வேண்டாம். மகன் உங்களைவிட விரைவாகத் தேறிவிடுவார், பரவாயில்லை.

மைதானத்தில் முதல் வேலையாக இரண்டு தென்னை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பயத்தினால் புதியவர்கள் தாழவே பறக்கவிடுகிறார்கள், ஆனால் பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவது உயரம்தான். பழகியவர் ஒருவர் கிடைத்தால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, நீங்கள் தடுமாறும்போது அவர் பொத்தானை விட்டதும் கட்டுப்பாடு அவர் கைக்குப் போகும் முறையில் கற்பது எல்லாவற்றையும்விட நல்லது. விமானத்தைத் தானே மட்டப்படுத்தும் கைரோ வைத்த மாடல்களும் வருகின்றன. வாங்குவதில் தவறில்லை, ஆனால் வாரம் ஒரு முறையாவது அதை அணைத்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

உடைந்ததை ஒட்டிய பிறகு ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. இதை என் சொந்தச் செலவில் கற்றேன். என் இரண்டாவது விமானத்தின் ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் மடல்) அசைக்கும் சர்வோ பழுதாகி, இரவு பத்து மணிக்கு மேல் புதியதை மாட்டினேன். காலையில் களத்தில் குச்சியை ஆட்டிப் பார்த்தேன், ஏலரான்கள் ஆடின, திருப்தியாக எறிந்தேன். ஆடினவே தவிர, எதிர்த்திசையில் ஆடின. வலப்புறம் சாய்ந்ததைத் திருத்த இடப்புறம் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது, இன்னும் தள்ளினேன். கருவேல மரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. ஆகவே அசைகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்று, குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழும்ப வேண்டும். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் வாலிலுள்ள கிடைமட்ட மடலான எலிவேட்டர் மேலே எழும்ப வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். மகன் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா? இதற்கு உரிமம் வேண்டுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, கூடாது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தொலைவில் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் ட்ரோன்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இறக்கை வைத்த மாதிரி விமானங்களும் அவற்றுக்கு உட்பட்டவையே. பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ, கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் மட்டும் பறக்கவிடப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத விமானத்தை அந்த விதிகள் ‘மாதிரி’ என்று தனியே வகைப்படுத்தி, ஒவ்வொரு மாடலுக்கும் தரம் பார்த்துத் தரப்படும் வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. 2 கிலோ வரையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட விமானி உரிமமும் தேவையில்லை. ஆனால் 250 கிராமைத் தாண்டினால் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள்.

எங்கே பறக்கவிடலாம் என்பதை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் அது 200 அடிதான். கிளம்பும் நாளன்று வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள், பகுதிகள் மாறுவதுண்டு. 120 மீட்டர் போதாதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1.4 மீட்டர் இறக்கையுள்ள விமானம் அந்த உயரத்தில் முழு நிலவைவிடச் சற்றே அகலமாகத் தெரியும். எந்தப் பக்கம் போகிறது என்பதை அதற்கு மேல் கண்ணால் சொல்ல முடியாது.

மொட்டை மாடி எந்த ஊரிலும் வேண்டாம். கம்பிகள், கேபிள்கள், கீழே தெருவில் நடப்பவர்கள், இறக்குவதற்கு இடமின்மை ஆகிய நான்கும் எதிராக நிற்கின்றன. அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிய ஏரி ஆகியவையே நம் ஊர்க்காரர்களின் ஓடுதளம். நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு, பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நடுவில் யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள்.

கேள்வி: மகனின் விமான பேட்டரி தலையணை போல உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்கிறான். செய்யலாமா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: அம்மா, உடனே அந்த ஊசியை வாங்கி வைத்துவிடுங்கள். குத்தினால் உள்ளிருக்கும் பொருள் காற்றுப் பட்டுத் தீப்பற்றக்கூடும். உப்பிய பேட்டரியை இனி சார்ஜும் செய்யக்கூடாது. வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய வாளியில் வைத்து, 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை அதில் இணைத்து முழுவதும் தீரும்வரை விட்டு, முனைகளை டேப்பால் சுற்றி மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

அடுத்த பேட்டரி உப்பாமலிருக்க மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு செல் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட், 3.5க்குக் கீழே இறங்கும்வரை பறக்கவிடக்கூடாது. 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பானது. எண்பது விழுக்காடு செலவானதும் இறக்கிவிட வேண்டும் என்ற கணக்கில், மோட்டார் சராசரியாக 11 ஆம்பியர் இழுத்தால் ஒன்பதரை நிமிடம் பறக்கலாம். டிரான்ஸ்மிட்டரின் கடிகாரத்தில் எட்டு நிமிடம் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். பெரும்பாலான பேட்டரிகள் பறந்து கெடுவதில்லை. முழுதாக நிரப்பி, மழை வந்து, மைதானத்துக்குப் போகாமல் பையிலேயே கிடந்து கெடுகின்றன. சார்ஜ் செய்வது மெத்தையின் மீதும் ஆளில்லாத அறையிலும் ஆகாது. சிமென்ட் தரையில், பழைய மண்சட்டிக்குள் வைத்துச் செய்யலாம். நம் வீடுகளில் இதற்காகத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. பேட்டரியை விமானத்தில் இணைத்த நொடியிலிருந்து அந்த ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றக்கூடிய கத்தி. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகுதான் விமானம். அணைக்கும்போது முதலில் விமானம். வீட்டுக்குள் வைத்துச் சோதிப்பதென்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆடி மாதம் முழுக்கக் காற்று. அப்போது பறக்கவிடலாமா?
— தென்காசி வாசகர்

பதில்: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆனால் உங்கள் விமானம் நீங்கள் நினைத்த இடத்துக்குப் பறக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று, மலையடிவாரத்தில் சுழன்றும் விட்டுவிட்டும் அடிக்கிறது. டிரெய்னர் விமானம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது, காற்று 30 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது என்று கொள்ளுங்கள். காற்றை எதிர்த்துப் போகையில் தரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அது மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது, திரும்பியதும் 70 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வேகமாகப் போவதாக எண்ணி நீங்கள் த்ராட்டிலைக் குறைத்து எலிவேட்டரை இழுப்பீர்கள். இறக்கைக்குத் தெரிந்த வேகமோ அப்போதும் 40 கி.மீ.தான். அதையும் குறைத்துவிட்டதால் விமானம் நின்று விழும். காற்று நாளில் புதியவர்கள் இழக்கும் விமானங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன.

ஆடி முடியும்வரை சிமுலேட்டரில் பழகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் போன பிறகு, தை முதல் பங்குனி வரை காலை ஆறு மணியிலிருந்து எட்டரை மணிக்குள் உங்கள் ஊரில் கிடைக்கும் காற்றற்ற வானம் பல ஊர்களுக்கு வாய்க்காதது. தென்னங்கீற்றின் நுனி மட்டும் அசைந்தால் போகலாம். மட்டையே ஆடினால் வீட்டில் இருங்கள். ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இருக்கட்டும்.

கேள்வி: நடிகர் அஜித்குமாருக்கு இதில் ஈடுபாடு உண்டு என்பது உண்மையா?
— கல்லூரி மாணவி, சேலம்

பதில்: உண்மை. மாதிரி விமானங்களில் நெடுநாளைய ஈடுபாடு உடையவர். சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அக்குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. உங்கள் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் விசாரியுங்கள். அங்கே மாதிரி விமானம் செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. கைக்காசு செலவழிக்காமல் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: பருந்து ஒன்று என் விமானத்தைத் துரத்துகிறது. என்ன செய்வது?
— விவசாயி, திருவண்ணாமலை

பதில்: அதனோடு போட்டி போட்டு மேலே ஏற்றாதீர்கள், உயரம் அதன் சொந்த இடம். வட்டமிடுவதை விட்டுவிட்டு, நேராகவும் தாழ்வாகவும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அதே நேரத்தில் அதே இடத்தில் தினமும் வந்தால் பக்கத்து மரத்தில் கூடு இருக்கிறது என்று பொருள். அடுத்த வயலுக்குப் போய்விடுங்கள்.